தொண்டை வலிக்குப் பாராசிட்டமாலா, இப்யூபுரூஃபனா?

சென்ற ஐப்பசியில், எச்சிலை விழுங்குவதற்கே முகம் சுளித்த என் ஐந்து வயது மகளுக்கு மருந்து தேடியபோது, வீட்டில் இரண்டு சிரப்புகளும் இருந்தன. நான் எடுத்தது பாராசிட்டமால். இரண்டுமே வலியையும் காய்ச்சலையும் தணிப்பவை, கிருமியைக் கொல்பவை அல்ல. குழந்தைகளுக்கு ஆஸ்பிரின் கூடாது என்பதும், 12 வயதுக்குட்பட்டோருக்கு நிமெசுலைடு என்ற வலிநிவாரணி இந்தியாவில் 2011-இல் தடை செய்யப்பட்டதும் பலரும் அறிந்தவையே.

இப்யூபுரூஃபன் பக்கமும் நியாயம் உண்டு. அது வீக்கத்தையும் குறைக்கும். ஒரு வேளை மருந்து ஆறு முதல் எட்டு மணி நேரம் தாங்குவதால் குழந்தை இரவில் விழிக்காமல் தூங்கக்கூடும். பாராசிட்டமாலின் பலன் நான்கு முதல் ஆறு மணி நேரத்தில் தீர்ந்துவிடும்.

ஆயினும் என் முடிவைத் தீர்மானித்தது தண்ணீர்தான். தொண்டை வலிக்கும் குழந்தை முதலில் நிறுத்துவது குடிப்பதை. அன்று மாலையிலிருந்து அவள் சிறுநீர் கழித்தது ஒரே முறை. உடலில் நீர் குறையும்போது சிறுநீரகத்துக்குச் செல்லும் இரத்த ஓட்டத்தைக் காப்பவை புரோஸ்டாகிளாண்டின்கள் என்னும், உடலே சுரக்கும் வேதிப்பொருள்கள்; வலியைத் தணிப்பதற்காக இப்யூபுரூஃபன் தடுப்பதும் அவற்றின் உற்பத்தியைத்தான். போதாக்குறைக்கு அது டெங்கு பரவும் மழைக்காலம். முதல் இரண்டு நாள்களில் சாதாரணக் காய்ச்சலையும் டெங்குவையும் பிரித்தறிவது கடினம். டெங்குவாக இருந்துவிட்டால் இப்யூபுரூஃபன் இரத்தக்கசிவு அபாயத்தைக் கூட்டும். நன்றாகக் குடித்துக்கொண்டிருக்கும் குழந்தைக்குக் கோடையில் அதைக் கொடுப்பதில் இவ்வளவு தயக்கம் தேவையில்லை என்றே நினைக்கிறேன். ஆனால் அந்த அனுபவம் எனக்கில்லை.

பாராசிட்டமாலில் கவனிக்க வேண்டியது பாட்டிலின் வீரியம். ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் என்பது கணக்கு; 16 கிலோ எடையுள்ள அவளுக்கு, 5 மில்லியில் 250 மில்லிகிராம் உள்ள சிரப்பில் 4 மில்லி போதுமானது. கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்திலோ ஒரு மில்லியிலேயே 100 மில்லிகிராம் இருக்கும். அதில் அதே 4 மில்லியை ஊற்றினால் அளவு இரட்டிப்பாகிவிடும். சளி மருந்துகள் சிலவற்றிலும் பாராசிட்டமால் கலந்திருப்பதால், அவற்றையும் சேர்த்துக் கொடுத்தால் கல்லீரலுக்குக் கேடு.

எச்சில் வடிந்தாலோ, மூச்சு விடத் திணறினாலோ எந்த சிரப்பையும் தேடாமல் மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும். அவளுக்கு அந்த நிலை வரவில்லை. முக்கால் மணி நேரத்தில் ஆறிய கஞ்சியில் அரை டம்ளர் உள்ளே போனது.