ஜே04.2-ஆ, ஜே05.0-ஆ?
குரல்வளையும் மூச்சுக்குழாயும் சேர்ந்து திடீரென அழன்று வீங்கினால் நோய்களுக்கான உலகக் குறியீட்டுப் பட்டியலான ஐசிடி-10-இல் எந்தக் குறியீடு? கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் கிளினிக் பார்க்கும் எனக்கு இது அடிக்கடி வரும் கேள்வி.

குரல் கம்மல், வறட்டு இருமல், லேசான காய்ச்சல், மூச்சுக்குத் தடையில்லை. சரி, ஜே04.2. பெரியவர்களிடம் பெரும்பாலும் இதுதான்.

ஜே05.0 அப்படியில்லை. மூச்சுப்பாதை அடைபடும் குரூப் (croup) என்ற நோய் அது. 6 மாதம் முதல் 3 வயது வரையுள்ள பிள்ளைகளிடம் அதிகம். பாராஇன்ஃபுளுவென்சா வைரஸ்தான் முக்கியக் காரணம். "ராத்திரியில நாய் குரைக்கிற மாதிரி இருமுறான் டாக்டர்" என்று அம்மா சொன்னால் அப்படியே எழுதிக்கொள்வேன். எக்ஸ்ரே பெரும்பாலும் தேவைப்படாது. கண்ணும் காதும் போதும். மூச்சை இழுக்கும்போது எழும் கீச்சொலி அழும்போது மட்டுமா, அமைதியாக இருக்கும்போதுமா? நெஞ்சு உள்வாங்குகிறதா? ஆக்சிஜன் அளவு எவ்வளவு? இவை கட்டாயம் குறிப்பில் இருக்க வேண்டும். அமைதியிலும் கீச்சொலி கேட்டால் உடனே மருத்துவமனை.

எச்சில் வடிய, விழுங்க முடியாமல் இருக்கும் பிள்ளையின் தொண்டைக்குள் மட்டும் குச்சி விட்டுப் பார்க்காதீர்கள். அது குரல்வளை மூடியின் வீக்கமாக இருக்கலாம், மூச்சே அடைத்துவிடும்.

மருத்துவமனைக்கு அனுப்பும் கடிதத்தில், வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டு மருந்தான டெக்சாமெத்தசோன் கொடுத்த அளவையும் நேரத்தையும் எழுதிவிடுங்கள். வெறும் "தொண்டை வீக்கம்" என்றால் அவசரப் பிரிவில் இருப்பவருக்கு என்ன புரியும்?