போல்ட்டில் ஏறிவிட்டது என்பதற்காக ரிம் பொருந்திவிடாது

அலாய் வீல் மாற்ற நினைப்பவர்கள், கடைக்குப் பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். ஒரே கடையில் நான் இரண்டு முறை ஏமாற்றப்பட்டேன். முதல் முறை நடந்தது கண்ணுக்குத் தெரிந்தது. இரண்டாவது முறை நடந்தது தெரியவே இல்லை. எனக்கு அதுதான் அதிகம் வலிக்கிறது.

என் காரோடு வந்த டயர் 185/65 ஆர்15 88எச். ரிம் 6 இன்ச் அகலம்; ஆஃப்செட், அதாவது ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து அது வண்டியில் பொருந்தும் முகம் வெளிப்பக்கம் தள்ளியிருக்கும் தூரம், 45 மி.மீ. இந்த எண்களெல்லாம் இன்று மனப்பாடம். அன்று ஒன்றுகூடத் தெரியாது. பெரிய சக்கரம் போட்டால் வண்டி எடுப்பாக இருக்கும் என்ற ஆசை மட்டும் இருந்தது. கடைக்காரர் 17 இன்ச் ரிம் ஒன்றை எடுத்து முன்சக்கரத்தில் மாட்டிக் காட்டினார். நான்கு போல்ட்டும் சரியாக ஏறின. "பாருங்கள் சார், கம்பெனியில் வந்தது போலவே உட்கார்ந்துவிட்டது" என்றார். 205/55 ஆர்17 டயர்களைப் போட்டுக் கொடுத்தார். என் பழைய ரிம்களையும் டயர்களையும் விலையில் கழித்துக்கொண்டு உள்ளே உருட்டிவிட்டார். ரசீதில் எழுதியது ஒரே வரி: '17 இன்ச் அலாய் செட், டயருடன்.'

மறுநாள் பின்சீட்டில் மூன்று பேர் உட்கார்ந்ததும், ஒவ்வொரு மேடு பள்ளத்திலும் பின்னாலிருந்து பரபரவென்று உரசும் சத்தம். ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பினால் முன்பக்கத்திலும் அதே சத்தம். எண்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் ஸ்டியரிங் கைக்குள் நடுங்கியது. திரும்பப் போய்க் கேட்டேன். "புது டயர் சார், ஓட ஓடச் சரியாகிவிடும்" என்றவர், நான் தேநீர் குடித்துவிட்டு வருவதற்குள் முன்சக்கரக் குழியின் பிளாஸ்டிக் உறையைக் கத்தியால் அறுத்து வைத்திருந்தார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சக்கரம் வண்டிக்குப் பொருந்தவில்லை என்றால் வண்டியை வெட்டுவதா? அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

உண்மையில் என்ன நடந்தது என்பதை, பல ஆண்டுகளாக எங்கள் வண்டியைப் பார்த்துவரும் மெக்கானிக் அண்ணன்தான் ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினார். டயரின் முதல் எண் மில்லிமீட்டரில் அகலம். அடுத்த எண், பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது. 185இல் 65 சதவீதம் ஏறத்தாழ 120 மி.மீ. மேலே ஒன்று, கீழே ஒன்று. நடுவில் 15 இன்ச் ரிம், அதாவது 381 மி.மீ. மொத்த விட்டம் 621 மி.மீ. சொச்சம். கடைக்காரர் போட்டுக்கொடுத்த டயரின் விட்டம் 657 மி.மீ. கிட்டத்தட்ட 6 சதவீதம் பெரிது! ரிம்மைப் பெரிதாக்கினால் பக்கச்சுவரைக் குறைத்து மொத்த விட்டத்தைப் பழையபடி வைத்திருக்க வேண்டும். வித்தியாசம் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, முடிந்தால் ஒன்றுக்குள் இருக்கட்டும் என்றார் அவர். விட்டம் கூடினால் வேகமானி குறைத்துக் காட்டும். கைபேசி ஜி.பி.எஸ்ஸோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். முன்பு மீட்டர் 100 காட்டும்போது உண்மையில் 97தான் இருக்கும். இப்போது 103ஐத் தொட்டது. ஓடிய தூரக் கணக்கும் இதே போல் பிசகும்.

உரசலுக்கு விட்டம் பாதிக் காரணம்தான். மீதிக் காரணம் ஆஃப்செட். புதிய ரிம் 7 இன்ச் அகலம், ஆஃப்செட் 35. அகலம் ஒரு இன்ச் கூடியதில் வெளிப்பக்கம் 12.7 மி.மீ. நீண்டது, ஆஃப்செட் குறைந்ததில் இன்னொரு 10 மி.மீ. ஆக, ரிம்மின் வெளிவிளிம்பு ஏறக்குறைய 23 மி.மீ. மட்கார்டை நோக்கி வந்துவிட்டது. போல்ட் துளைகள் பொருந்துவதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. நடுக்கத்துக்குக் காரணம் ரிம்மின் நடுத்துளை. அந்தத் துளைக்குள் நுழைய வேண்டிய ஹப், அதாவது சக்கரத்தைத் தாங்கும் நடுமுனை, என் வண்டியில் 54.1 மி.மீ., அந்த ரிம்மின் துளை 67.1. இடைவெளியை அடைக்கும் வளையத்தைப் போடாமலே, போல்ட்டை மட்டும் நம்பி முடுக்கியிருக்கிறார்கள்.

டயரின் பக்கச்சுவரில் 3820 என்று நான்கு இலக்கம் இருந்தது. 2020ஆம் ஆண்டின் 38ஆவது வாரத்தில் தயாரானது என்று பொருள். நான் வாங்கிய நாளிலேயே அதற்கு நான்கு வயது. வேறு பெரிய வண்டிக்கு வாங்கி, விற்காமல் தேங்கிய சரக்கை என் வண்டியில் கட்டிவிட்டார்கள் என்பதுதான் என் முடிவு.

இந்தக் கணக்கோடு போய் நின்றதும் கடைக்காரர் இறங்கிவந்தார். கூடுதல் பணம் வாங்கிக்கொண்டு, நடுத்துளை வளையம் போட்டு, 205/45 ஆர்17 டயர்களை மாற்றினார். விட்டம் 616 மி.மீ.; ஒரு சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசம். உரசல் நின்றது, நடுக்கமும் நின்றது. நான் நிம்மதியாக நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

இரண்டு மாதம் கழித்து, பெற்றோரைப் பின்னால் உட்காரவைத்து, பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு போகும்போது ஒரு பள்ளத்தில் பின்சக்கரம் இறங்கியது. ரிம் விளிம்பு வளைந்து, டயரின் பக்கச்சுவரில் முட்டை போல ஒரு வீக்கம். அண்ணன் அதைத் தடவிப் பார்த்துவிட்டு அளவுக்குப் பின்னாலிருந்த எண்ணைக் காட்டினார்: 84. என் பழைய டயரில் இருந்தது 88. அது ஒரு டயர் தாங்கும் சுமையைக் குறிக்கும் எண். 88 என்றால் 560 கிலோ, 84 என்றால் 500 கிலோ. ஓட்டுநர் கதவை ஒட்டிய சட்டத்தில் ஒட்டியிருக்கும் அட்டையில் எந்த எண் இருக்கிறதோ, அதற்குக் கீழே போகக் கூடாது. இதே 205/45 ஆர்17 அளவில், சுமை கூட்டிய வகையில் 88 கிடைக்கிறது. 84 விலை குறைவு என்பதால் அதைப் போட்டிருக்கிறார்கள். பக்கச்சுவரும் 120 மி.மீ.இலிருந்து 92 ஆகச் சுருங்கியிருந்ததால், பள்ளத்தின் அடியை வாங்கிக்கொள்ள ரப்பர் போதவில்லை. அம்மாவும் அப்பாவும் உட்கார்ந்திருந்த பக்கத்து டயர் அது.

கடையில் ரசீதை நீட்டினேன். "இதில் 17 இன்ச் என்றுதானே இருக்கிறது, கொடுத்துவிட்டோமே" என்றார்கள். அகலமும் இல்லை, ஆஃப்செட்டும் இல்லை, சுமை எண்ணும் இல்லை. நான் எதை வைத்து வாதாடுவது? என் பழைய சக்கரங்களைக் கேட்டேன். விற்றாகிவிட்டதாம்.

ஆகவே ரசீதில் ரிம்மின் விட்டம், அகலம், ஆஃப்செட், போல்ட் வட்ட அளவு (போல்ட் துளைகள் அமைந்த வட்டத்தின் விட்டம்), நடுத்துளை, டயரின் முழு அளவு, சுமை எண், தயாரிப்பு வாரம் எல்லாவற்றையும் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள். முழுச் சுமையோடு ஒரு நீண்ட பயணம் போய்ப் பார்க்கும்வரை பழைய சக்கரங்களை எந்த விலைக்கும் விட்டுக்கொடுக்காதீர்கள். நான் இப்போது அதே 15 இன்ச் அளவை வேறிடத்தில் தேடி வாங்கிப் போட்டிருக்கிறேன். அறுபட்ட பிளாஸ்டிக் உறைக்கு மாற்று இன்னும் வரவில்லை. மழை பெய்தால் முன்சக்கரச் சேறு அந்தக் கிழிசல் வழியே எஞ்சின் பக்கம் தெறிக்கிறது. ஒவ்வொரு முறையும் நான்தான் துடைக்கிறேன்.