உறவை முறிப்பதா, உள்ளே இருந்து பேசுவதா?

கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் ஒரே வாக்குவாதம். ஒருவரின் கார் எண்ணையும் வீட்டு புளோக்கையும் போட்டு, ‘ஆளைப் பிடிங்க’ என்று எழுதியதை அழிக்காத தோழமைக் குழு நமக்கு வேண்டுமா?

பாதுகாப்பு: முறித்தால், நம் ஆட்களின் புது எண்களாவது அங்கே போகாது. இருந்தால், ஸ்கிரீன்ஷாட் எடுப்பவர் வைத்ததுதான் சட்டம். தொல்லை தரும் நோக்கில் அடையாள விவரம் பரப்புவது 2025 ஜூலை 11 முதல் மலேசியாவில் குற்றம்தான். ஆனால் போலீஸ் புகார் எழுதி முடிப்பதற்குள் பதிவு பத்துக் குழு தாண்டிவிடும்.

இழப்பு: முறித்தால் தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலுக்கு ஆள் குறையும். இருந்தால், பயந்தவர்கள் சொல்லாமலே விலகுவார்கள்.

சிரமம்: முறிப்பது ஒரு நிமிடம். பேசுவது, அட்மினின் ‘பார்க்கலாம்’ தீரும்வரை.

சொன்னதும் அழிக்கிற அட்மின் என்றால் இருங்கள். சிரிப்பு எமோஜி போடுகிறவரா? ஆதாரத்தைச் சேமியுங்கள், அப்புறம் வெளியேறுங்கள்.