கொடை நோட்டீஸ் முதல் பிளக்ஸ் வரை: காசில்லாத இங்க்ஸ்கேப் நெல்லையில் எடுபடுமா?

இங்க்ஸ்கேப் என்கிற இலவச வரைகலை மென்பொருளை வைத்துச் சம்பாதிக்க முடியுமா என்று கூடப் படிக்கிற பசங்க அடிக்கடி கேட்கிறார்கள். முடியும். நான் சம்பாதிக்கிறேன். ஆனால் யூடியூபில் இந்த மென்பொருளுக்கு வருகிற ரிவ்யூ எல்லாம் ஸ்கிரீனில் என்ன தெரிகிறது என்பதோடு நின்றுவிடுகிறது, பாளையிலோ ஜங்ஷனிலோ ஒரு பிரஸ் கவுண்டரில் பென் டிரைவை நீட்டும்போது என்ன நடக்கும் என்று ஒருத்தரும் சொல்வதில்லை. நம்ம ஊரில் வேலை எடுப்பவனுக்கு அந்தக் கவுண்டர்தான் பரீட்சை.

நான் விஸ்காம், அதாவது காட்சித் தொடர்பியல், மாணவன். பகலில் கல்லூரி, சாயங்காலத்துக்கு மேல் ப்ரீலான்ஸ். ப்ரீலான்ஸ் என்றதும் பெங்களூரு கம்பெனிக்கு லோகோ போட்டு டாலரில் வாங்குகிறேன் என்று நினைத்துவிட வேண்டாம். கோயில் கொடை (நம்ம பக்கத்துக் கோயில் திருவிழா) நோட்டீஸ், சடங்கு வீட்டு (பெண் வயதுக்கு வந்த விசேஷம்) பிளக்ஸ், கபடிப் போட்டி போஸ்டர், மிக்சர் பாக்கெட் லேபிள், கண்ணீர் அஞ்சலி. இதில் கண்ணீர் அஞ்சலிதான் ரொம்ப அவசரம், ராத்திரி சாப்பிட்டுவிட்டுப் படுக்கும் நேரத்துக்கு வாட்ஸப்பில் ஒரு மங்கலான போட்டோ வரும், விடியும்போது அது சுவரில் இருக்க வேண்டும். என்னிடம் இருப்பது அக்காவுக்குப் பள்ளிக்கூடத்தில் கிடைத்த அரசு லேப்டாப், ராம் 4 ஜிபி. அடோபிக்கு மாதாமாதம் கட்டப் பணம் கிடையாது. கிராக் வெர்ஷன் போட்டால் ஒரு நாள் வைரஸோடு சேர்ந்து மொத்த ஃபைலும் போகும், அது வேறு தலைவலி. அதனால்தான் இங்க்ஸ்கேப்.

தெரியாதவர்களுக்காக: கோரல் டிராவும் இல்லஸ்ட்ரேட்டரும் செய்கிற வேலையைச் செய்யும் வெக்டர் மென்பொருள் இது, அதாவது படத்தைப் பிக்சலாக இல்லாமல் கோடாக வைத்திருப்பதால் எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாது. 2003-இல் சோடிபோடி என்கிற இன்னொரு மென்பொருளிலிருந்து பிரிந்து வந்தது, 1.0 என்று பெயர் வாங்கவே 2020 ஆகிவிட்டது. முழுக்க இலவசம், மூல நிரலும் திறந்தே கிடக்கிறது, விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். நான் எழுதுவது 1.4 பதிப்பைப் பற்றி, அது 2024 அக்டோபரில் வந்தது.

முதலில் தமிழ். இந்த ஒரு விஷயத்துக்காகவே நான் இதை விடாமல் இருக்கிறேன். வாட்ஸப்பில் வரும் யூனிகோட் எழுத்தை (எல்லாப் போனிலும் கம்ப்யூட்டரிலும் ஒரே மாதிரி வாசிக்கிற பொது எழுத்துமுறை) அப்படியே ஒட்டினால் போதும், கொம்பும் காலும் அதனதன் இடத்தில் உட்கார்ந்துவிடும், ஸ்ரீ உடையாது, 'கௌ' பிரிந்து நிற்காது. இல்லஸ்ட்ரேட்டரில் தெற்காசிய மொழிகளுக்கான கம்போசர் என்கிற எழுத்து அடுக்கும் செட்டிங்கைத் தேடிப் போய் மாற்றிவிட்டு வரணும், அதை மறந்தால் ஒற்றைக்கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். பிரஸ்களில் இன்னும் பாமினி, டாப், டாம் மாதிரிப் பழைய எழுத்துருக்கள்தான் ஓடுகின்றன. அந்த எழுத்துரு இல்லாத மெஷினில் ஃபைலைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறியுமாகக் குப்பை கொட்டும். தமிழ்நாடு அரசு 2010-இலேயே யூனிகோடைத் தரமாக ஏற்றுக்கொண்டுவிட்டது, ஆனால் பிரஸ்ஸில் டைப் அடித்துப் பக்கம் அமைக்கிற டிடிபி ஆபரேட்டர் அண்ணன்களின் கை பழகினது பழைய விசைப்பலகையில், அவர்களைக் குறை சொல்லி என்ன பண்ண.

கொடை நோட்டீஸில் இது எவ்வளவு பெரிய நிம்மதி என்று செய்தவனுக்குத்தான் தெரியும். குடியழைப்பு, மாக்காப்பு, கும்பம், வில்லிசை, சாமக்கொடை என்று நேரம் வாரியாக ஒரு பட்டியல், அதற்குக் கீழே கோயிலுக்கு வரி கொடுக்கிற வரிதாரர் பெயர்கள் எறும்பு வரிசையாக. கடைசி நிமிஷம் வரை பெயர் சேரும், இனிஷியல் மாறும். கமிட்டி அண்ணாச்சி ஒருத்தர் என் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டார். "தம்பி, பேரு எல்லாம் ஒரே சைஸ்ல இருக்கணும் பாத்துக்க. எங்க சித்தப்பா பேரு ஒரு நூல் சின்னதாத் தெரிஞ்சாலும் கொடையே நின்னுரும்" என்றார். சிரிக்கவில்லை அவர், நிஜமாகவே சொன்னார். பழைய எழுத்துருவில் ஒவ்வொரு பெயரையும் திரும்பத் தட்டியிருந்தால் அன்றைக்கு விடிந்திருக்கும். இதில் ஒட்டினேன், சைஸை ஒன்றாகத் தட்டினேன், முடிந்தது.

எழுத்துருவுக்கும் காசு வேண்டாம். கூகுள் ஃபான்ட்ஸில் காட்டமரன், முக்த மலர், மீரா இனிமை, பலூ தம்பி, கவிவனார், அனேக் தமிழ் எல்லாம் திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன, காசு வாங்கிச் செய்கிற வேலைக்கும் தாராளமாகப் போடலாம். அனேக் தமிழில் தடிமனோடு அகலத்தையும் மாற்றிக்கொள்ளலாம் என்பதால், நீளமான ஊர்ப் பெயரையும் 'வகையறா'வையும் ஒரே வரிக்குள் அடக்க எனக்கு அதுதான் கை கொடுக்கிறது. பலூ தம்பி குண்டாக இருக்கும், கபடி போஸ்டருக்கு நல்லது, கண்ணீர் அஞ்சலிக்கு வேண்டாம்.

சரி, இப்போது கவுண்டருக்கு வருவோம்.

பிளக்ஸ் என்றால் கவலையே இல்லை. கடைக்காரர்கள் ஜேபெக் வாங்கிக்கொள்கிறார்கள், கலர் மாற்றத்தை அவர்களுடைய மெஷின் மென்பொருளே பார்த்துக்கொள்ளும். தூரத்தில் நின்று பார்க்கிற பொருள் என்பதால் முழு அளவில் 72 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 72 பிக்சல்) வைத்தாலே போதும். 10-க்கு 8 அடி பிளக்ஸ் என்றால் 8640-க்கு 6912 பிக்சல், எக்ஸ்போர்ட் செய்ய என் லேப்டாப் கொஞ்ச நேரம் எடுக்கும், அவ்வளவுதான். ஒன்று கவனியுங்கள், நேரடியாக ஜேபெக் எடுக்கும்போது தரத்தை நூறுக்குப் பக்கத்தில் வையுங்கள், குறைத்தால் சிவப்பு எழுத்தின் ஓரமெல்லாம் அழுக்குப் படிந்த மாதிரி ஆகிவிடும்.

ஆப்செட், அதாவது பிளேட் போட்டுத் தாளில் அச்சடிப்பது, வேறு உலகம். அங்கே போனதும் கேட்கிற முதல் கேள்வி, "என்னடே, பிடிஎஃப் கொண்டாந்திருக்க? சிடிஆர் இல்லியா?" நம்ம பக்கத்துப் பிரஸ்களில் கோரல்தான் ராஜா, சிடிஆர் அதனுடைய ஃபைல். இங்க்ஸ்கேப்பால் சிடிஆர் ஃபைலைத் திறக்க முடியும், அதுவும் ஓரளவுக்குத்தான், ஆனால் சிடிஆராகச் சேமிக்க முடியாது. அதனால் பிடிஎஃப்தான் கொடுக்கணும், சேமிக்கும்போது வருகிற பெட்டியில் எழுத்தைப் பாத் ஆக்கு என்கிற வசதியைத் தேர்ந்தெடுக்கணும், எழுத்தெல்லாம் வெறும் வரைகோடாகிவிடும். பிரஸ் பாஷையில் 'கர்வ் பண்ணிட்டியா' என்பது இதுதான். கர்வ் ஆன பிடிஎஃப் கோரலில் ஒழுங்காகவே திறக்கும். ஆனால் அங்கே ஒரு இனிஷியல் தப்பென்றால் ஆபரேட்டரால் திருத்த முடியாது, நீங்கள்தான் வீட்டுக்குப் போய்த் திருத்திக் கொண்டுவரணும். கமிட்டிக்காரர்களிடம் பிரிண்ட் எடுத்துக் காட்டி, அதில் கையெழுத்து வாங்கிவிட்டுப் பிறகு பிரஸ்ஸுக்குப் போவது நல்லது.

இதைவிடப் பெரிய குறை கலர். இந்தப் பதிப்பு வரைக்கும் இங்க்ஸ்கேப் பிடிஎஃப்பை ஆர்ஜிபியில்தான், அதாவது ஸ்கிரீனுக்கான சிவப்பு-பச்சை-நீலக் கலரில்தான் கொடுக்கும். நான்கு கலர் ஆப்செட்டுக்கு சிஎம்ஒய்கே, அதாவது சயான், மஜந்தா, மஞ்சள், கறுப்பு என்கிற மைக் கலர் வேண்டும். படத்தில் கலர் கொஞ்சம் மங்கினால் யாரும் சண்டைக்கு வரப்போவதில்லை, சிக்கல் கறுப்பு எழுத்தில்தான். ஆர்ஜிபியின் சுத்தக் கறுப்பைப் போட்டோஷாப்பின் வழக்கமான அமெரிக்க செட்டிங்கில் மாற்றிப் பாருங்கள், சயான் 75, மஜந்தா 68, மஞ்சள் 67, கறுப்பு 90 என்று நான்கு பிளேட்டிலும் ஏறிவிடும். பெரிய தலைப்பென்றால் அழகான அடர்கறுப்பு. வரிதாரர் பெயர் மாதிரிப் பொடி எழுத்தில் ரிஜிஸ்டர், அதாவது பிளேட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துவது, ஒரு மயிரிழை விலகினாலும் புள்ளிக்கு நீல நிழல், சுழிக்குச் சிவப்பு நிழல். 'ண'வும் 'ன'வும் ஒன்றாகத் தெரியும். சித்தப்பா வந்துவிடுவார்.

இதற்கு வழி இருக்கிறது, காசும் வேண்டாம். ஸ்கிரைபஸ் என்று இன்னொரு இலவச மென்பொருள், பத்திரிகைப் பக்கம் கட்டுவதற்கானது. இங்க்ஸ்கேப்பில் எழுத்தைப் பாத் ஆக்கிவிட்டு எஸ்விஜியை (இங்க்ஸ்கேப் சேமிக்கிற ஃபைல்) அதில் இறக்கினால், கலர் பட்டியலில் போய்க் கறுப்பை கறுப்பு மை மட்டும் நூறு என்று மாற்றலாம், பிறகு சிஎம்ஒய்கே பிடிஎஃப்பாக வெளியே எடுக்கலாம். கொஞ்சம் சுற்றுவழிதான், பழகினால் டீ குடிக்கிற நேரத்தில் முடிந்துவிடும். ஒற்றைக்கலர் நோட்டீஸ் என்றால் இதுகூடத் தேவையில்லை, ரோஸ் தாளில் ஒரே மை, ஒரே பிளேட், கறுப்பில் கொடுத்தால் போதும், என்ன மை என்பதைப் பிரஸ்காரர் பார்த்துக்கொள்வார். லேபிள், அழைப்பிதழ் என்று சிவகாசிக்கு அனுப்புகிற வேலைக்கு மட்டும் ஸ்கிரைபஸைத் தாண்டாமல் போக மாட்டேன். ஓரவெட்டுக்கு 3 மில்லிமீட்டர் விட பக்கக் கருவியிலேயே ப்ளீட் இருக்கிறது, வெட்டுக்குறி போட எக்ஸ்டென்ஷன் மெனுவில் தனியாக வசதி இருக்கிறது.

வேகம் சுமார். மங்கல் நிழல், பளபளப்பு என்று ஃபில்டர் ஏற ஏற 4 ஜிபி மெஷின் மூச்சு வாங்கும். வியூ மெனுவில் ஃபில்டரை மறைத்தோ வெறும் கோடாகவோ பார்க்கிற வசதி உண்டு, அதில் வேலை பார்த்துவிட்டுக் கடைசியில் மட்டும் முழுசாகப் பார்த்துக்கொள்ளலாம். சடங்கு வீட்டு பிளக்ஸில் பாப்பாவைச் சுற்றி மயில், ரோஜா, ஒளிவட்டம் எல்லாம் கேட்பார்கள், அந்தப் போட்டோ வேலை இதற்கு ஒத்துவராது. அதை ஜிம்ப், கிரிட்டா மாதிரி இலவசப் பட மென்பொருளில் முடித்து இறக்கிக்கொள்வதுதான் சரி.

இன்ஸ்பிரேஷன் பக்கம் வருகிறேன், ஏனென்றால் கல்லூரியில் மார்க் அதற்குத்தான். வகுப்பில் எல்லோரும் பின்டரெஸ்ட்டையே மேய்வதால் எல்லோருடைய போர்ட்ஃபோலியோவும் ஒரே மாதிரி இருக்கிறது, ஒரே கிரேடியன்ட், ஒரே காபிக் கடை லோகோ. பத்தமடை இங்கிருந்து ஒரு பஸ் தூரம். கோரைப்பாயில் மணமக்கள் பெயரையும் தேதியையும் நெய்து கொடுக்கிறார்களே, அந்த எழுத்தை உட்கார்ந்து பாருங்கள். ஊடும் பாவுமாகக் கட்டம் கட்டமாக ஏறுவதால் தமிழின் வளைவெல்லாம் படிக்கட்டாக மாறும், ஆனாலும் தடையில்லாமல் வாசிக்கலாம். அதைக் கட்டக்கோடு போட்ட பக்கத்தில் மறுபடி வரைந்ததுதான் என் டைப்போகிராபி அசைன்மென்ட். இங்க்ஸ்கேப்பில் டைல்ட் குளோன்ஸ் என்று ஒன்று இருக்கிறது, ஒரு சின்னத் துண்டை வரைந்தால் தளத்தை நிரப்பக்கூடிய 17 வகைச் சமச்சீரிலும் அதைப் பரப்பிக் காட்டும். மூலத் துண்டில் ஒரு கோட்டை நகர்த்தினால் பாய் முழுக்க நகரும். கோலத்துக்கு, ஒரு துண்டைச் சுற்றிச் சுற்றி நகலெடுக்கிற ரொட்டேட் காப்பீஸ் எஃபெக்ட் போதும். காசு கொடுத்து வாங்குகிற மென்பொருள்காரர்களுக்கு இதை ஓட்டிக் காட்டினால் கொஞ்ச நேரம் பேச்சு வராது, எனக்கு அதில் ஒரு அல்ப சந்தோஷம்.

திருப்புடைமருதூர் கோபுரத்துக்குள் இருக்கிற சுவரோவியங்களையும் மரச் சிற்பங்களையும் பார்க்காமல் நெல்லையில் டிசைன் படிக்கிறேன் என்று சொல்லாதீர்கள். ஒரே சுவரைப் பட்டை பட்டையாகப் பிரித்து எப்படிக் கதை சொல்லியிருக்கிறார்கள் என்று பார்த்தால் போஸ்டர் லேஅவுட் தானாகப் பிடிபடும். டவுனில் ரத வீதிகளைச் சுற்றும்போது பழைய கடைப் பலகைகளையும் பாருங்கள், 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய யானைத்துதிக்கை 'லை'யும் 'ணை'யும் எங்காவது தட்டுப்படலாம். போட்டோ எடுத்து வந்து டிரேஸ் பிட்மேப்பில் போட்டால் கோடு கிடைக்கும், ஆனால் அதை அப்படியே பயன்படுத்தினால் அசிங்கமாக இருக்கும், புள்ளிகளைக் குறைத்துக் கையால் இழுத்துச் சரிசெய்வதில்தான் எழுத்தைப் பற்றிக் கற்றுக்கொள்கிறோம்.

நேரம்தான் உதைக்கும். சித்திரைக் கொடையும் செமஸ்டரும் ஒன்றாக வந்து நிற்கும், ஆடியில் கேட்கவே வேண்டாம். போன வருஷத்து நோட்டீஸை எஸ்விஜியாக வைத்திருப்பதால் அதே கோயிலுக்கு இந்த வருஷம் தேதியும் பெயரும் மாற்றினால் பாதி வேலை முடிகிறது. எஸ்விஜி திறந்த ஃபார்மட், உள்ளே வெறும் எழுத்துதான், உரிமம் தீர்ந்துவிட்டது என்று என் ஃபைலை எனக்கே பூட்டுகிற கதை இங்கே கிடையாது. "நம்ம பய தானே, சும்மா பண்ணிக் குடுப்பான்" என்கிற மாமாக்களுக்கு மட்டும் எந்த மென்பொருளிலும் மருந்தில்லை. மென்பொருள் இலவசம் என்பதை அவர்கள் காதில் போட்டுவிடாதீர்கள்.

மார்க் போடச் சொன்னால் தமிழுக்கும் வரைவதற்கும் 5-க்கு 5, ஆப்செட்டுக்கு 2, அதுவும் ஸ்கிரைபஸ் கூட இருப்பதால். பிரஸ்ஸிலேயே ஆபரேட்டர் வேலைக்குப் போகப் போகிறவர்கள் கோரலைக் கற்றுக்கொள்ளுங்கள், அங்கே இதை யாரும் கேட்க மாட்டார்கள். ஏஜென்சிக்குப் போகிறவர்கள் எப்படியும் இல்லஸ்ட்ரேட்டரைத் தொட்டுத்தான் ஆகணும், கல்லூரி லேபில் இருக்கும்போதே தொட்டுவிடுங்கள். இறக்குவதாக இருந்தால் இங்க்ஸ்கேப்பின் சொந்தத் தளத்திலிருந்தே இறக்குங்கள், தேடலில் மேலே விளம்பரமாக வருகிற தளங்கள் வேண்டாம். போனில் மட்டுமே வேலை பார்க்கிறவர்களுக்கு இது உதவாது, ஆண்ட்ராய்டுக்கு அவர்கள் எதுவும் வெளியிடவில்லை.