வராதவர்களைத் தேடிப் போகும் எங்கள் கிளை நூலகம்

மதுரையில் நூலகம் என்றாலே இப்போது எல்லோரும் புது நத்தம் சாலையைத்தான் கை காட்டுகிறார்கள். 2023 ஜூலை 15-ல் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறந்ததிலிருந்து, வெளியூர்ச் சொந்தக்காரர்கள் வந்தால் மீனாட்சியம்மன் கோயில், திருமலை நாயக்கர் மகால், அப்புறம் இந்த நூலகம் என்று கூட்டிப் போவது வழக்கமாகிவிட்டது. இரண்டு லட்சம் சதுர அடிக்கு மேல் பரப்பு, குழந்தைகளுக்குத் தனிப் பிரிவு, மாற்றுத்திறனாளிகளுக்குத் தனிப் பிரிவு. நம் ஊருக்கு இப்படி ஒன்று வந்ததில் எனக்குப் பெருமைதான். ஆனால் நான் எழுத வந்தது வேறொரு நூலகத்தைப் பற்றி. என் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில், ரேஷன் கடைக்கு அடுத்த சந்தில் இருக்கும் கிளை நூலகம். குறைகளையும் சேர்த்தே சொல்லப் போவதால் எந்தப் பகுதி என்று குறிப்பிடவில்லை. அங்கே வேலை பார்ப்பவர்களுக்கு என்னால் ஒரு தொந்தரவும் வரக் கூடாது.

நான் வீட்டில் தையல் வேலை பார்க்கிறேன். பிளவுஸ், சுடிதார், சேலைக்கு ஃபால்ஸ், ஓரம் அடிப்பது. எங்கள் அத்தை, அதாவது என் மாமியார், எட்டாவது வரைக்கும் படித்தவர். சரித்திர நாவல் என்றால் உயிர். முட்டி வலி வந்த பிறகு அவரால் நூலகத்துக்குப் போக முடியவில்லை. வாசலில் மூன்று படி, கைப்பிடி கிடையாது. நான் போய் எடுத்து வரலாம் என்றால், காலையில் மூன்று மணி நேரமும் மாலையில் மூன்று மணி நேரமும்தான் திறந்திருக்கும், வெள்ளிக்கிழமை விடுமுறை. அந்த இரண்டு நேரமும் சமையலும் பிள்ளைகளும் போக எனக்கு மிச்சம் கிடைப்பதில்லை. மதியம் பன்னிரண்டிலிருந்து மூன்று வரை ஓய்வாக இருப்பேன். அந்த நேரத்தில் நூலகம் பூட்டியிருக்கும். எங்கள் தெருவில் பாதிப் பெண்களுக்கு இதே கதைதான். நூலகம் இருந்தும் எங்களுக்கு இல்லை என்ற நிலைமை.

இது மாறத் தொடங்கியது, நூலகத்தின் வாசகர்கள் சேர்ந்து வைத்திருக்கும் வாசகர் வட்டம் கூட்டிய ஒரு கூட்டத்தில். வாசகர் வட்டம் என்றால் ஆண்டு விழாவும் பொன்னாடையும்தான் என்று நினைத்திருந்தேன். அன்றைக்கு நூலகர் ஒரு வெள்ளைச் சார்ட்டை ஒட்டி, தினமும் வருகிறவர்கள் பெயரை வருகைப் பதிவேட்டிலிருந்து எடுத்து எழுதினார். பெரும்பாலும் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பையன்கள், பேப்பர் படிக்க வரும் பெரியவர்கள். எழுதி முடித்துவிட்டு, "இந்த வார்டுல இருக்கிற மத்தவங்க எல்லாம் ஏன் வரல? அதைக் கண்டுபிடிச்சா நமக்குத் திட்டம் கிடைச்சிரும்" என்றார். அங்கேயே தெருக்களைப் பிரித்துக் கொடுத்தார்கள். எங்கள் தெருவும் பின் தெருவும் எனக்கு வந்தன. துணி கொடுக்க வருகிறவர்களிடமே கேட்டுக் குறித்துக்கொண்டேன்.

பதில்கள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தபோது யாருக்கும் அதைத் தட்டிக் கழிக்க முடியவில்லை. படி ஏற முடியவில்லை. திறக்கும் நேரம் ஒத்து வரவில்லை. பெண்களுக்குக் கழிப்பறை இல்லை. உள்ளே பூரா பையன்களாக இருக்கிறார்கள், உட்காரக் கூச்சமாக இருக்கிறது. சிறு எழுத்து கண்ணுக்குத் தெரியவில்லை. நான்கு வழிச் சாலையைத் தாண்டி பிள்ளையைத் தனியாக அனுப்பப் பயம். ஒரு அம்மா, "அது படிச்சவங்க போற இடம்ல?" என்று என்னையே திருப்பிக் கேட்டார். அவர் நன்றாகத் தமிழ் வாசிப்பவர்.

இந்தக் காரணங்களை வைத்து மூன்று வருடத் திட்டம் ஒன்று போட்டார்கள். எனக்குப் பிடித்தது அதை அடுக்கிய விதம். காசு இல்லாமல் நாளைக்கே செய்யக்கூடியது முதலில், ஊரில் பணம் திரட்டிச் செய்வது அடுத்து, மாவட்ட நூலக ஆணைக்குழுவிடமும் மாநகராட்சியிடமும் கேட்டு வாங்க வேண்டியது கடைசியில். ஒவ்வொன்றுக்கும் யார் பொறுப்பு, எந்த மாதத்துக்குள் என்று ஒரு சார்ட்டில் எழுதி, பேப்பர் ஸ்டாண்டுக்கு மேலே சுவரில் ஒட்டிவிட்டார்கள். முடிந்ததற்குப் பச்சை மையில் டிக். முடியாதது அப்படியே நிற்கும். தினத்தந்தி புரட்ட வருகிற யாரும் தலையை நிமிர்த்தினால் அது கண்ணில் படும். அரசு இடத்தில் முடியாத வேலையையும் இப்படி எல்லார் கண் முன்னாலும் வைத்திருப்பதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

முதல் டிக் விழுந்தது மேசைகளுக்கு. வாசலை ஒட்டிய மேசையும் அதற்கு நேர் மேலே இருக்கும் மின்விசிறியும் பெண்களுக்கும் முதியவர்களுக்கும் என்று ஒதுக்கினார்கள். தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் உள்ளறைக்கு மாறினார்கள். அவர்களை விரட்டிவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். உள்ளறையில் பீரோக்களை ஓரம் தள்ளி, இரண்டு பெஞ்சு கூடுதலாகப் போட்டு, குரூப் 4 புத்தகங்களையும் அங்கேயே அடுக்கிக் கொடுத்தார்கள். முன் மேசையில் பூதக்கண்ணாடி ஒன்றை நூலால் கட்டி வைத்திருக்கிறார்கள். சின்ன விஷயம்தான். ஆனால் அதைப் பிடித்துக்கொண்டு ராசிபலன் தாண்டி தலையங்கம் வரைக்கும் வாசிக்கிற பெரியவர்களை நான் பார்த்திருக்கிறேன். தமிழில் பெரிய எழுத்தில் அச்சடித்த நூல்கள் இன்னும் நிறைய வர வேண்டும். அது பதிப்பகங்கள் மனசு வைக்க வேண்டிய காரியம்.

அடுத்தது சாய்தளம். இதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். பல இடங்களில் சாய்தளம் என்ற பேரில் சறுக்கு மரம்தான் கட்டி வைத்திருக்கிறார்கள். எங்கள் நூலகத்திலும் கொத்தனார் முதலில் அப்படித்தான் கோடு போட்டார், வாசலிலிருந்து நேராக ஆறடி நீளத்துக்கு. வாசகர் வட்டத்தில் பொதுப்பணித் துறையில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் உண்டு. அவர் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும், இல்லாவிட்டால் சக்கர நாற்காலியைத் தள்ளுகிறவருக்கும் கஷ்டம், உட்கார்ந்திருப்பவருக்கும் ஆபத்து என்று டேப்பைப் பிடித்து அளந்து காட்டினார். மூன்று படி சேர்ந்து ஒன்றரை அடி உயரம். அப்படியானால் பதினெட்டு அடி. முன்னால் அவ்வளவு இடம் இல்லை. பக்கச் சுவரை ஒட்டிக் கொண்டுபோய், நடுவில் திரும்புவதற்கு ஒரு சமதளம் விட்டு, வாசலில் சேர்த்தார்கள். ஓரத்தில் இரும்புக் கைப்பிடி. தரையில் மழையில் வழுக்காதபடி கோடு கிழித்த சிமெண்டுப் பூச்சு. பணம் புரவலர்கள் கொடுத்தது. ஆயிரம் ரூபாய் கட்டினால் புரவலர், ஐயாயிரம் என்றால் பெரும் புரவலர், பத்தாயிரம் என்றால் கொடையாளர் என்று பொது நூலகங்களில் ஒரு வழக்கம் உண்டு, பெயரைப் பலகையில் எழுதுவார்கள். பலகையில் புதிதாகச் சேர்ந்த பெயர்களில் ஒன்று தெருமுனை இட்லிக் கடை அக்காவுடையது.

ஆனாலும் பதினெட்டு அடி சாய்தளம் எங்கள் அத்தைக்கு எட்டாது. வீட்டு வாசலுக்கு வருவதே அவருக்குப் பெரிய பாடு. அவர் மாதிரி ஆட்களுக்காகத்தான் நூலக நண்பர்கள் திட்டம். தமிழக அரசு 2022-ல் கொண்டுவந்தது. தன்னார்வலர்கள் நூலகத்திலிருந்து புத்தகங்களை எடுத்துக்கொண்டு, வர முடியாதவர்களின் வீட்டுக்கே கொண்டு போவார்கள். எங்கள் பக்கம் வருவது கல்லூரியில் படிக்கும் ஒரு பெண். கழுத்தில் அடையாள அட்டை, தோளில் ஒரு பை, கையில் அறுபது பக்க நோட்டு. நோட்டில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பக்கம். கொடுத்த தேதி, வாங்கிய தேதி, கையெழுத்து. அதற்குக் கீழே அந்தப் பெண்ணே தன் பாட்டுக்கு ஒரு வரி எழுதி வைத்துக்கொள்கிறாள்: "பாட்டிக்கு ராஜா கதை. சின்ன எழுத்து வேண்டாம். சோகமா முடியக் கூடாது." இந்த ஒரு வரிதான் எனக்கு இந்தச் சேவையின் உயிர். எதையோ பையில் போட்டுக் கொண்டுவந்து கடமைக்குக் கொடுத்துவிட்டுப் போகலாம். அவள் அப்படிச் செய்வதில்லை.

"பாட்டி, போன தடவை கொண்டு வந்தது எப்படி?" என்று கேட்பாள். அத்தை, "நல்லாத்தான் இருந்துச்சு தாயி, ஆனா அந்தத் தளபதியை அவ்வளவு சீக்கிரம் கொன்னுருக்க வேணாம்" என்பார். அவள் அதையும் குறித்துக்கொள்வாள். புத்தகம் முடிந்தால் அதைப் பற்றிப் பேச ஆள் வேண்டும் என்பது இவர்கள் இரண்டு பேரையும் பார்த்துத்தான் எனக்குப் புரிந்தது. அவள் வருவது மதிய நேரம் என்பதால் நானும் எனக்கு ஒன்று எடுத்துக்கொள்கிறேன். பையின் தோள்வார் பிய்ந்து தொங்கியது, கேன்வாஸ் பட்டை வைத்து இரட்டைத் தையல் போட்டுக் கொடுத்தேன். இப்போது மற்ற தன்னார்வலர்களின் பைகளும் என் மெஷினுக்கு வருகின்றன. காசு வாங்குவதில்லை.

புத்தகத்தை வாசகர் இருக்கும் இடத்துக்குக் கொண்டு போவது நமக்குப் புதிதும் இல்லை. 1931-லேயே மன்னார்குடி பக்கம் மேலவாசலில் கனகசபைப் பிள்ளை மாட்டுவண்டியில் நூலகம் நடத்தினார். அதைத் தொடங்கி வைத்தவர் சீர்காழியில் பிறந்த நூலக அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன். "ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கு உரிய நூல்" என்று விதி எழுதியதும் அதே ஆண்டில் அவர்தான். வண்டி போய் பை வந்திருக்கிறது. அந்த நோட்டில் இருக்கும் வரியைப் பார்க்கும்போதெல்லாம் அந்த விதிதான் எனக்கு ஞாபகம் வருகிறது.

சனிக்கிழமைகளில் குழந்தைகளுக்குக் கதை நேரம். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் நடத்துகிறார். சாலையைத் தாண்டும் பிரச்சினைக்கு, அந்தப் பக்கத்துப் பிள்ளைகளை இரண்டு அப்பாக்கள் முறை வைத்துக் கூட்டி வந்து திரும்பக் கொண்டு விடுகிறார்கள். கூட்டம் நன்றாகவே இருக்கிறது.

இனி நடக்காதவை. கழிப்பறை கட்டியாயிற்று, டைல்ஸ் எல்லாம் ஒட்டியாயிற்று, தண்ணீர் இணைப்பு வரவில்லை. பூட்டுப் போட்டு வைத்திருக்கிறார்கள். இதை நான் சின்னக் குறை என்று விட மாட்டேன். பெண்களுக்கென்று மேசை ஒதுக்கிவிட்டு அவர்களுக்குக் கழிப்பறையைத் திறக்காவிட்டால், அரை மணி நேரத்துக்கு மேல் யார் உட்காருவார்கள்? மாதவிடாய் நாளில் யார் வருவார்கள்? மனு கொடுத்திருக்கிறார்கள், ஒரு அலுவலகம் இன்னொரு அலுவலகத்தைக் கை காட்டுகிறது. நூலகம் யாரோ போடும் தர்மம் இல்லை. நாம் கட்டும் சொத்து வரியோடு நூற்றுக்குப் பத்து என்று நூலக வரியும் சேர்த்துத்தான் வாங்குகிறார்கள். விடுதலைக்குப் பிறகு இந்தியாவிலேயே முதன்முதலாக 1948-ல் நம் மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது, அந்தச் சட்டம் ஏற்படுத்தியதுதான் இந்த வரி. வாடகைக்கு இருக்கும் என் போன்றவர்களும் வாடகையில் அதைச் சேர்த்துத்தான் கொடுக்கிறோம். ஒரு குழாய் இணைப்பு கேட்க நமக்கு முழு உரிமை இருக்கிறது.

இரண்டாவது, நேரம். மதியம் இரண்டு மணி நேரமாவது, வாரத்தில் இரண்டு நாளாவது திறக்க வேண்டும் என்பது சார்ட்டில் இருக்கிறது, டிக் விழவில்லை. நூலகர் ஒருவர்தான். இடைவெளியில் அவர் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு வர வேண்டும், கணக்கு எழுத வேண்டும். பணியாளர் இல்லாமல் தன்னார்வலர்களை மட்டும் வைத்துத் திறக்க அனுமதி இல்லை, அது சரியும்தான். இன்னொரு ஆள் போட்டால்தான் தீரும். பெரிய நூலகங்களுக்குச் செலவழிப்பதை நான் குறை சொல்ல மாட்டேன். என் மகன் கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகள் பிரிவைப் பார்த்து நின்ற நிலை எனக்குத் தெரியும். ஆனால் அங்கே போய் வர ஒரு நாள் வேண்டும், பஸ் மாற வேண்டும், கூட்டிப் போக ஆள் வேண்டும். தினசரி வாசிப்பு நடப்பது கிளை நூலகத்திலும் ஊர்ப்புற நூலகத்திலும்தான். தமிழ்நாட்டில் பொது நூலகங்கள் எல்லாம் சேர்த்து நாலாயிரத்துக்கு மேல் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் இப்படி ஒரு சார்ட் ஒட்டினால் எத்தனை அத்தைகளுக்குப் புத்தகம் போய்ச் சேரும்!

மூன்றாவது, பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கு எங்கள் நூலகத்தில் பூதக்கண்ணாடியைத் தவிர எதுவும் இல்லை. பின் தெருவில் பார்வையில்லாத தம்பி ஒருவர் இருக்கிறார், பட்டதாரி. அவருக்கு ஒலிநூல்களும் திரையை வாசித்துச் சொல்லும் மென்பொருள் போட்ட கணினியும் வேண்டும். திட்டத்தின் மூன்றாம் ஆண்டில் போட்டிருக்கிறார்கள். எனக்கு அது முதல் ஆண்டிலேயே வந்திருக்க வேண்டியது என்று படுகிறது, கூட்டத்திலும் சொன்னேன். கணினிக்குப் பணம் தேடுகிறோம் என்றார்கள். அதற்குள் யாராவது வாரம் ஒருமுறை அவருக்கு வாசித்துக் காட்டலாமே என்று ஆசிரியை கேட்டார். அடுத்த வாரமே கல்லூரிப் பையன் ஒருவன் வரத் தொடங்கிவிட்டான். சார்ட்டில் அந்த வரிக்குப் பக்கத்தில் அவன் பெயரை எழுதி, டிக் போடாமல் விட்டிருக்கிறார் நூலகர். கணினி வந்தால்தான் டிக் என்கிறார்.

மதிப்பெண் போடச் சொன்னால், வீடு தேடி வரும் சேவைக்கு அஞ்சுக்கு அஞ்சு. சாய்தளத்துக்கும் அஞ்சு. நேரத்துக்கு இரண்டு. கழிப்பறைக்குத் தண்ணீர் வரட்டும், அப்புறம் போடுகிறேன்.

உங்கள் வீட்டிலும் வெளியே வர முடியாத ஒருவர் இருந்தால், பக்கத்துக் கிளை நூலகத்தில் நூலக நண்பர்கள் இருக்கிறார்களா என்று கேளுங்கள். உறுப்பினராக முகவரிச் சான்றின் நகலும் சிறு தொகையும் போதும். எங்கள் பகுதிக்காரர்கள் இதைப் படித்தால், அடுத்த வாசகர் வட்டக் கூட்டம் வருகிற இரண்டாவது ஞாயிறு மாலை. தண்ணீர் இணைப்பு மனுவில் இன்னும் கையெழுத்து வேண்டும். கல்லூரிப் பெண்ணுக்கும் தேர்வு வருகிறது, பின் தெருவை இரண்டு மாதம் பார்த்துக்கொள்ள ஒருவர் தேவை. பை நான் தைத்துத் தருகிறேன்.