ஏற்காட்டு ஹோம்ஸ்டே: மூன்று நாள் தங்கிய அனுபவம்

மஸ்கட்டில் என்னோடு நர்ஸாக இருந்த ஸ்காட்லாந்துக்காரத் தோழியும் அவளுடைய ஓமானி கணவரும் ஜனவரியில் சேலம் வந்தார்கள். முதல் நாள் டவுனில் ஒரு லாட்ஜ். பாஸ்போர்ட்டில் இரண்டு பேருக்கும் குடும்பப் பெயர் வேறாக இருக்கிறதே, கல்யாண சர்டிபிகேட் எங்கே என்று முக்கால் மணி நேரம் நிற்க வைத்துவிட்டார்கள். அரபு வழக்கத்தில் பெண் கல்யாணத்துக்குப் பிறகும் அப்பா பெயரைத்தான் வைத்திருப்பாள், இவளும் அப்படியே விட்டுவிட்டாள், நம் இனிஷியல் மாதிரிதானே! 2023இல் சட்டம் மாறும்வரை ஓமானியர் வெளிநாட்டுப் பெண்ணைக் கட்ட அரசிடம் முன் அனுமதி வாங்க வேண்டும், அதற்காக வருஷக்கணக்கில் காத்திருந்து சேர்ந்தவர்கள், இங்கே வந்தும் புருஷன் பெண்டாட்டிதான் என்று நிரூபிக்க வேண்டியிருந்தது எனக்கு மனசே ஆறவில்லை.

மறுநாள் இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி இந்த ஹோம்ஸ்டே. காபித் தோட்டத்துக்குள் ஓட்டு வீடு, மூன்றே அறை. வீட்டுக்கார அக்கா பாஸ்போர்ட்டை வாங்கி, வெளிநாட்டவருக்கான சி ஃபாரத்தை போனிலேயே நிரப்பினார், அவ்வளவுதான், வேறு ஒரு கேள்வி இல்லை. "கறி பாய் கடையில்தான் வாங்கினேன், தொழுகைக்கு மேற்கு அந்தப் பலாமரத்துப் பக்கம்" என்று அவராகவே சொன்னார்.

காபியைச் சொல்லியே ஆக வேண்டும். களத்தில் காயும் அதே பழத்தின் கொட்டையை வறுத்து, இடித்து, கருப்பட்டி போட்டுக் கொடுக்கிறார். ஓமானில் சின்னக் கிண்ணத்தில் கொஞ்சமாக ஊற்றுவார்கள், போதுமென்றால் கிண்ணத்தை ஆட்ட வேண்டும். தோழியின் கணவர் டம்ளரை ஆட்ட, அக்கா இன்னும் கேட்கிறார் என்று ஊற்ற, நான்காவது டம்ளரில்தான் நான் விஷயத்தைச் சொன்னேன். அரபு மண்ணிலிருந்து உலகத்துக்குப் பரவிய செடி, இந்த மலைக்கு 1820களில் கொண்டுவந்தவர் சேலம் கலெக்டர் காக்பர்ன், அவரும் ஸ்காட்லாந்துக்காரர். இதைக் கேட்டதும் இரண்டு பேரும் எழுந்து போய்ச் செடியைத் தொட்டுப் பார்த்தார்கள்.

மஸ்கட்டில் அவள் வெளியூர் மருமகள், ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் அவரைத் திரும்பிப் பார்ப்பார்கள். அக்காவுக்கு இரண்டு பேருமே "கண்ணு". அர்த்தம் கேட்டுத் தெரிந்துகொண்டவள் இப்போது கணவரை அப்படித்தான் கூப்பிடுகிறாள்.

குறை என்றால், சுடுதண்ணீர் விறகடுப்பில்தான், காலையில் அரை மணி நேரம் ஆகும். சிக்னல் வாசலில் மட்டும். அறை ஒரு நாளைக்கு 2,800 ரூபாய், சாப்பாடு தனி. கறிக்குழம்பு வேண்டுமென்றால் முந்தின நாளே சொல்லிவிடுங்கள்.