மெட்டோப்ரொலால் எக்ஸ்எல்: வருஷக்கணக்கில் போடுகிறவர்கள் கவனிக்க வேண்டியவை

மெட்டோப்ரொலால் பகட்டில்லாத மருந்து, 'பீட்டா பிளாக்கர்' என்ற வகையைச் சேர்ந்தது. அட்ரினலின் இதயத்தைத் துரத்துவதை இது தணிக்கிறது. நாடித்துடிப்பு குறையும், துடிப்பின் வேகமும் அழுத்தமும் தணியும், இதயத்துக்குத் தேவைப்படும் ஆக்சிஜனும் குறையும். அதனால்தான் நெஞ்சுவலி, மாரடைப்புக்குப் பிந்தைய காலம், இதயச் செயலிழப்பு, தாறுமாறான வேகத்துடிப்பு என்று பல இடங்களில் இது வருகிறது. இதயத்தில் எந்தக் கோளாறும் இல்லாமல் பிரஷர் மட்டும் இருந்தால் பெரும்பாலும் அம்லோடிபின், டெல்மிசார்டான் போன்றவைதான் முதலில் வரும். அப்படியிருந்தும் இதை எழுதியிருந்தால் காரணத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

முதல் இரண்டு மூன்று வாரம் கொஞ்சம் சோதனைதான். மாடிப்படி ஏறினால் கால் கனக்கும், மதியம் தூக்கம் அசத்தும், சட்டென்று எழுந்தால் கண் இருட்டும். பெரும்பாலானவர்களுக்கு இது தானாகத் தணிந்துவிடும். பிரஷருக்கு வழக்கமாக 25 அல்லது 50 மி.கி.யில் தொடங்குவார்கள். இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு 12.5 அல்லது 25 மி.கி.யில் ஆரம்பித்து, இரண்டு வாரத்துக்குக் குறையாத இடைவெளியில் அளவைக் கூட்டிக்கொண்டே போவார்கள். அவர்களுக்கு முக்கியமான கருவி எடை பார்க்கும் மெஷின்தான். காலையில் சிறுநீர் கழித்த பிறகு, சாப்பிடுவதற்கு முன் தினமும் எடை பார்க்க வேண்டும். மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் அது உடம்பில் தேங்கும் நீர். அடுத்த செக்கப் வரை காத்திருக்காமல் அன்றே டாக்டரைக் கூப்பிட வேண்டும்.

அதிகம் சறுக்கும் இடம் மெடிக்கல் ஷாப். எக்ஸ்எல் என்பது மருந்தைக் கிட்டத்தட்ட 24 மணி நேரம் மெல்ல மெல்ல விடும் மாத்திரை, ஒரு நாளைக்கு ஒன்று போதும். சாதா மெட்டோப்ரொலாலின் வேலை சில மணி நேரம்தான், அதைப் பிரித்துக் காலையும் மாலையும் போட வேண்டும். "எக்ஸ்எல் ஸ்டாக் இல்லை, இதுவும் அதே மருந்துதான்" என்று சாதா 50-ஐக் கொடுத்து, அதை ஒருவேளை மட்டும் போட்டால் விடியற்காலையில் படபடப்பு, பிரஷர் ஏற்றம். ஸ்ட்ரிப்பின் பின்பக்கப் பொடி எழுத்தைப் படித்துப் பாருங்கள். எக்ஸ்எல் 50 என்றால் 'மெட்டோப்ரொலால் சக்சினேட் 47.5 மி.கி., மெட்டோப்ரொலால் டார்ட்ரேட் 50 மி.கி.க்குச் சமம்' என்று இருக்கும். இரண்டு பெயரும் ஒரே வரியில் வருவதால் குழம்ப வேண்டாம். 'சக்சினேட்', 'எக்ஸ்டெண்டட் ரிலீஸ்' இரண்டும் இருந்தால் அதுதான் சரியான மாத்திரை. பெயருக்குப் பின்னால் 'ஏஎம்' ஒட்டியிருந்தால் உள்ளே அம்லோடிபினும் இருக்கிறது. ஏற்கெனவே அம்லோடிபினைத் தனியாகப் போடுகிறவர் இதையும் போட்டால் கணுக்கால் வீங்கும், தலை சுற்றும். ஐந்து மாத்திரை மட்டும் வெட்டி வாங்கினால் பெயர் ஒரு துண்டிலும் காலாவதித் தேதி இன்னொரு துண்டிலும் போய்விடும். முழு ஸ்ட்ரிப்பாக வாங்குவதே மேல்.

எக்ஸ்எல் மாத்திரையை மெல்லவோ பொடிக்கவோ கூடாது. 24 மணி நேரத்துக்கான மருந்து மொத்தமாக இறங்கிவிடும். நடுவில் கோடு இருந்தால் மட்டும் பாதியாக உடைக்கலாம். சாப்பாட்டோடோ சாப்பிட்ட கையோடோ, தினமும் ஒரே நேரத்தில் போடுவது நல்லது. மறந்துவிட்டால் ஞாபகம் வந்ததும் போடலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டதென்றால் விட்டதை விட்டுவிடுங்கள். இரண்டாகச் சேர்த்துப் போடவே கூடாது.

இந்த மருந்தில் பெரிய ஆபத்து திடீரென்று நிறுத்துவது. மாதக்கணக்கில் அட்ரினலின் தடுக்கப்பட்டிருக்கும்போது, அதை ஏற்கும் இடங்களை உடம்பு கூட்டி வைத்திருக்கும். மருந்து நின்றதும் அத்தனையும் ஒன்றாகத் துள்ளும். இதயக் குழாயில் அடைப்பு உள்ளவருக்கு நெஞ்சுவலி வரலாம், மாரடைப்பே வரலாம். "பிரஷர் நார்மலாகிவிட்டதே" என்று நிறுத்துகிறவர்களும், ஊருக்குப் போன இடத்தில் மாத்திரை தீர்ந்துபோகிறவர்களும்தான் இதில் சிக்குகிறார்கள். நிறுத்தியே ஆக வேண்டுமென்றால் டாக்டர் ஒன்றிரண்டு வாரத்தில் படிப்படியாகக் குறைப்பார். கையிருப்பு பத்து நாளுக்குக் கீழே போனதும் அடுத்த ஸ்ட்ரிப்பை வாங்கிவிடுங்கள்.

பிரஷர் பார்க்கும் முன் ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார வேண்டும். காபி குடித்து அரை மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். கை நெஞ்சு மட்டத்தில் இருக்கட்டும், ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை பாருங்கள். துடிப்பு சீரில்லாதவர்களுக்கு மெஷின் காட்டும் நாடி எண்ணை நம்ப முடியாது. மணிக்கட்டில் விரல் வைத்து முழு ஒரு நிமிடம் எண்ண வேண்டும். ஓய்வில் 50-க்குக் கீழே வந்தால் அடுத்த மாத்திரைக்கு முன் டாக்டரிடம் கேளுங்கள். கூடவே மயக்கமோ மூச்சுத்திணறலோ இருந்தால் நேராக ஆஸ்பத்திரிதான்.

வேறு மருந்துகளோடு சேரும்போது வரும் சிக்கல்களில் வெராபமிலும் டில்டியாசெமும் முதலில் நிற்கின்றன. இதயத்தின் மின்னோட்டத்தை இவையும் மந்தமாக்குவதால் துடிப்பு ஆபத்தான அளவுக்குக் குறையலாம். யாரும் நினைத்துப் பார்க்காத ஒன்று கண் சொட்டு மருந்து. கண் அழுத்தத்துக்குப் போடும் டிமோலாலும் பீட்டா பிளாக்கர்தான், சொட்டு ரத்தத்தில் கலந்து நாடியைக் குறைக்கும். போட்ட பிறகு மூக்கோரக் கண்முனையை ஒன்றிரண்டு நிமிடம் அழுத்திப் பிடித்தால் அப்படிக் கலப்பது குறையும். ஃப்ளூவோக்ஸெட்டின், பராக்ஸெட்டின் போன்ற மனநல மருந்துகள் ரத்தத்தில் மெட்டோப்ரொலால் அளவை ஏற்றும். மூட்டுவலிக்கு நாள்கணக்கில் போடும் டைக்ளோஃபினாக் பிரஷரை ஏற்றிவிடும். ஆஸ்துமா இருந்தால் மருந்து எழுதும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

சர்க்கரைக்கு இன்சுலினோ கிளிமெபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர்களுக்கு ஒரு விஷயம். சர்க்கரை இறங்கும்போது வரும் படபடப்பையும் நடுக்கத்தையும் இது மறைத்துவிடும், வியர்வையை மறைக்காது. காரணமில்லாமல் சட்டை நனைந்தால் குளுக்கோமீட்டரை எடுங்கள்.

கை கால் சில்லிடுவது, விசித்திரக் கனவுகள், தாம்பத்தியத்தில் தளர்ச்சி ஆகியவை சிலருக்கு வருஷக்கணக்கில் தங்கிவிடும். கூச்சப்பட்டுக்கொண்டு தாங்களாகவே நிறுத்துவதைவிட வாய் திறந்து சொல்வது மேல். பிஸோப்ரொலால், நெபிவொலால் என்று மாற்றிப் பார்க்க வழி உண்டு.

நடைப்பயிற்சியில் நாடி எண்ணிக்கையை இலக்காக வைக்காதீர்கள், இந்த மருந்தோடு அது வழக்கமான அளவுக்கு ஏறாது. பேச முடிகிற, ஆனால் பாட முடியாத வேகம் போதும். ஆபரேஷனுக்கு முன் மயக்க டாக்டரிடம் இந்த மாத்திரையின் பெயரைச் சொல்லுங்கள். அவராக நிறுத்தச் சொன்னாலொழிய, அன்று காலையும் ஒரு வாய்த் தண்ணீரோடு இதைப் போடத்தான் சொல்வார்.